என்னில் எந்தப் பாதி?

பெரியவர்களே, சின்னவர்களே, உட்கார இடம் கிடைத்தவர்களே, கிடைக்காமல் தூணில் சாய்ந்து நிற்பவர்களே, எல்லோரும் கேளுங்கள்.

இந்த ஆறுகளுக்கெல்லாம் பெயர் வைத்து முடியாத காலம் அது. அப்போது ஒரு நாடு இருந்தது. அந்த நாட்டுக்கு மகுடவர்மன் என்று ஒரு ராஜா இருந்தான்.

ராஜா முதலில் கூரைக்கு வரி போட்டான். ஜனங்கள் கட்டினார்கள். அடுத்துக் கிணற்றுக்கு வரி போட்டான். முணுமுணுத்துக்கொண்டே கட்டினார்கள். மூன்றாவதாக மரநிழலுக்கு வரி போட்டான். அன்றைக்குத்தான் ஜனங்கள் எல்லோரும் வெயிலுக்கு வந்தார்கள். உச்சி வெயிலில் நின்றால் கோபம் வரத்தானே செய்யும்? வந்த கோபத்தோடு அரண்மனையைப் பார்த்து நடந்தார்கள். ராஜா பின்வாசல் வழியாக நழுவிப் படகேறி, ஆற்றுக்கு அக்கரையில் இருந்த மைத்துனன் நாட்டுக்கு ஓடிப்போனான்.

ஓடுகிறவன் வாயை மூடிக்கொண்டு ஓடியிருக்கலாம். அவனோ படகில் நின்றபடி கத்தினான்: "நீங்களா நாட்டை ஆளப்போறீங்க? மத்தியானம் என்ன குழம்பு வைக்கிறதுன்னே உங்களுக்குள்ள ஒத்துப்போகாது! கோடையில ஆத்துத் தண்ணி முழங்காலுக்கு இறங்கும். அப்போ படையோட வருவேன். நீங்களே மாலை போட்டுக் கூப்பிடுவீங்க, பாருங்க!"

ஜனங்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ராஜா போய்விட்டான், சரி. இனி யார் சொல்வதை யார் கேட்பது?

அந்த நாட்டில் மூன்று சீமைகள் இருந்தன. அகன்துறை கடலோரத்துச் சீமை. துறைமுகமும் கடைவீதியுமாக ஜனம் நெருக்கியடித்துக்கொண்டு வாழும் இடம். அங்கே ஒருவன் காலை நீட்டிப் படுத்தால் அடுத்த வீட்டுக்காரன் எழுந்து திட்டுவான். நெடுவயல் நெல் விளையும் சீமை. நிலமெல்லாம் சில பண்ணையார்கள் கையில் இருந்தது. அந்த நிலத்தில் இறங்கி உழைத்தவர்களும் அவர்கள் கையில்தான் இருந்தார்கள். பிறந்த நாள் முதல் பண்ணைக்கு அடிமைப்பட்டவர்கள். மற்ற இரண்டு சீமையிலும் அந்த வழக்கம் கிடையாது. முகில்பாறை மலைச்சீமை. ஆறு பிறக்கும் இடம் அதுதான். அங்கே தேன் அதிகம், ஆடு அதிகம், ஆள் குறைவு.

மூன்று சீமையும் கூடி ஒரு சாசனம் எழுதுவது என்று முடிவாயிற்று. அரண்மனையில் கூடலாம் என்றால், சிம்மாசனத்துக்குப் பக்கத்தில் யார் உட்காருவது என்று முதல் நாளே சண்டை வந்துவிட்டது. அதனால் ராஜாவின் யானைக்கொட்டிலில் கூடினார்கள். அங்கே எல்லோருக்கும் ஒரே வாசனைதான்.

அகன்துறையிலிருந்து நல்லபெருமாள் வந்தார். கப்பல் வணிகர். தொப்பையும் குரலும் பெரியவை. நெடுவயலிலிருந்து பண்ணையார் தில்லைநாயகம் வந்தார். அவர் தனியாக வரமாட்டார். குடை பிடிக்கச் சடையன் என்று ஓர் ஆள், விசிறிவிட வீராயி என்று ஒருத்தி, இருவரும் அவருடைய பண்ணையாட்கள். முகில்பாறையிலிருந்து பேச்சி வந்தாள்.

பேச்சிக்கு நாற்பது வயது. ஆடு மேய்ப்பவள். மலையில் யாருக்கு யார் மேல் கோபம் என்றாலும் அதை அப்படியே நடித்துக் காட்டுவாள், அழுதுகொண்டிருப்பவனும் சிரித்துவிடுவான். பொய் சொல்வதில் கூச்சமே கிடையாது. அவளைச் சபைக்கு அனுப்பியதற்கு மலைக்காரர்கள் சொன்ன காரணம் அவளுடைய சாமர்த்தியம். உண்மையான காரணம், அவள் கொஞ்ச நாள் ஊரில் இல்லாமல் இருந்தால் காதுக்கு நல்லது என்பதுதான்.

முதல் நாள் நல்லபெருமாள் எழுந்து, தொண்டையைச் செருமி, இடுப்பு வேட்டியை இறுக்கிக்கொண்டு சொன்னார்: "சபைன்னா ஜனங்களோட சபை. எங்கே தலை அதிகமோ அங்கேயிருந்து ஆள் அதிகம் வரணும். தலையை எண்ணு, அதுக்கேத்த மாதிரி ஆசனம் கொடு. இதுல பேச என்ன இருக்கு?"

பேச்சி மனசுக்குள் கணக்குப் போட்டாள். தலையை எண்ணினால் முகில்பாறைக்கு ஒற்றை ஆசனம் கிடைத்தாலே பெரிது. அகன்துறைக்காரர்கள் நாளைக்கே ஊற்றையெல்லாம் துறைமுகத்துக்குத் திருப்பு என்று கை தூக்குவார்கள். யார் தடுப்பது?

ஆனால் அவள் முகத்தில் எதையும் காட்டவில்லை. "அண்ணாச்சி சொல்றது நியாயம்தான். தலைக்குத் தலை" என்றாள்.

மறுநாள் சபை கூடியபோது கொட்டிலுக்குள் ஒரு மந்தை ஆடு புகுந்தது. ஒரு கிடா நல்லபெருமாளின் அங்கவஸ்திரத்தை மென்றது. இன்னொன்று அவர் மடியில் ஏறப் பார்த்தது.

"என்னம்மா இது அக்கிரமம்!"

"எங்க சீமைத் தலைங்க அண்ணாச்சி. தலையை எண்ணணும்னு நீங்கதானே சொன்னீங்க? எண்ணுங்க. ராஜா காலத்துல இதுங்களும் நிழலுக்கு வரி கட்டியிருக்கு."

சபை சிரித்தது. நல்லபெருமாள் சிரிக்கவில்லை. "சரி, நீ என்னதான் கேக்கறே?"

"சீமைக்குச் சீமை சமம். பெரிசு சின்னது பார்க்கக் கூடாது. மூணு சீமைக்கும் ஒரே அளவு ஆசனம்" என்றாள் பேச்சி.

நல்லபெருமாள் ஆடு மென்ற அங்கவஸ்திரத்தை உதறிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பேச்சி, ஜெயித்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டாள். ஆனால் வணிகர் சும்மா இருப்பாரா? அடுத்த நாள் அவர் ஒரு மெலிந்த மனிதனையும் அவன் நாயையும் கூட்டிக்கொண்டு வந்தார்.

"சபையோருக்கு வணக்கம். எங்க துறைமுகத்துக்கு எதிரே கடலுக்குள்ள ஒரு பாறை இருக்கு. அந்தப் பாறையில குடியிருக்கறவர் இவர். நேத்து ராத்திரியிலிருந்து அது நாலாவது சீமை. இவருக்கு நம்ம மூணு பேருக்குச் சமமா ஆசனம் வேணுமாம்."

"நாய்?" என்று யாரோ கேட்டார்கள்.

"நாய் பக்கத்துப் பாறைக்குக் குடிபோகுது. அது அஞ்சாவது சீமை."

பேச்சி சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துப் பார்த்தாள். முடியவில்லை. விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்துக்கொண்டே மனசுக்குள் ஒன்று உறுத்தியது. இந்த மனுஷன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறதே!

அதற்குப் பிறகும் சண்டை ஓயவில்லை. தலை என்றார் ஒருவர். சீமை என்றாள் ஒருத்தி. என் ஆட்களை என்ன செய்யப்போகிறீர்கள் என்று முனகினார் மூன்றாமவர். அவர் முனகலை அப்போது யாரும் காதில் வாங்கவில்லை. இதற்குள் ஆறு இறங்கிக்கொண்டே வந்தது. கழுத்தளவுத் தண்ணீர் மார்பளவாயிற்று. மார்பளவு இடுப்பளவாயிற்று. அக்கரையில் கூடாரங்கள் தெரிந்தன. காற்று இந்தப் பக்கம் அடித்தால் குதிரை கனைப்பது கேட்டது.

ஒரு மத்தியானம் சபையே உண்ட மயக்கத்தில் குறட்டைவிட்டது. பேச்சி படித்துறைக்கு வந்தாள். அங்கே நல்லபெருமாள் கடைசிப் படியில் உட்கார்ந்து, காலைத் தண்ணீரில் விட்டு அக்கரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் முதன்முறையாகப் பயம் தெரிந்தது.

பேச்சி தேன் குடுவையை நீட்டினாள். அவர் மடியிலிருந்து கருவாட்டுப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். இரண்டும் சேர்ந்து சாப்பிடக் கூடியவை அல்ல. ஆனாலும் சாப்பிட்டார்கள்.

"பேச்சியம்மா, அவன் வந்தா முதல்ல என் கப்பலைத்தான் கொளுத்துவான்."

"எங்க மலையில கொளுத்த ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. எங்களையேதான் கொளுத்தணும்."

நல்லபெருமாள் கருவாட்டு முள்ளைத் தண்ணீரில் எறிந்தார்.

"நீ எதை விடுவே?" என்று கேட்டார் அவர்.

"நீங்க எதை விடுவீங்க?"

பேரம் ஆரம்பித்தது. மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் விரலைப் பிடிப்பதுபோல இருவரும் மாறி மாறி இழுத்தார்கள். கடைசியில் நல்லபெருமாள் பெருமூச்சுவிட்டார். "ஒரு சபை வேணாம். ரெண்டு சபை வச்சுக்குவோம். ஒண்ணு தலைச்சபை, ஜனம் எவ்வளவோ அவ்வளவு ஆசனம். அது எனக்கு."

"இன்னொண்ணு சீமைச்சபை. எல்லாச் சீமைக்கும் சமம். அது எனக்கு" என்றாள் பேச்சி. "எந்தச் சட்டமும் ரெண்டு சபையும் ஒத்துக்கிட்டாத்தான் சட்டம்."

"நான் நினைச்சதெல்லாம் நடக்காது."

"எனக்கும்தான்."

இருவரும் ஏமாந்துவிட்டதாக நினைத்தார்கள். இரண்டு பேரும் ஒரே அளவுக்கு ஏமாந்திருந்ததால், கணக்கு சரியாக இருந்தது.

சாயங்காலம் இதைச் சபையில் சொன்னபோது எல்லோரும் கைதட்டினார்கள். பண்ணையார் தில்லைநாயகம் மட்டும் தட்டவில்லை. பக்கத்தில் வீராயி விசிறிக்கொண்டிருந்தாள். அவர் மீசையை நீவிவிட்டுக்கொண்டார்.

"தலைச்சபை, தலைச்சபைங்கறீங்களே. என் பண்ணையாட்களும் அந்தத் தலையில சேர்த்திதானே?"

நல்லபெருமாள் நிமிர்ந்தார். "அவங்களா? அவங்க ஆளைத் தேர்ந்தெடுக்க வருவாங்களா?"

"அதெப்படி வருவாங்க? அவங்க என் ஆளுங்க. அவங்களுக்கும் சேர்த்து நானே தேர்ந்தெடுப்பேன். ஆனா தலையை எண்ணும்போது அவங்களையும் எண்ணி எனக்கு ஆசனம் கொடுக்கணும். இல்லாட்டி நெடுவயல் கையெழுத்துப் போடாது."

நல்லபெருமாளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பண்ணையாட்களை நினைத்து அல்ல. நெடுவயலுக்குத் தன் சீமை அளவு ஆசனம் போய்விடுமே என்று. கத்தினார். பண்ணையாரும் கத்தினார். அப்போது ஆற்றங்கரைக் காவலன் ஓடிவந்து, அக்கரைக்காரர்கள் தண்ணீரில் இறங்கி ஆழம் பார்க்கிறார்கள் என்று சொன்னான்.

நல்லபெருமாள் தளர்ந்துபோய் உட்கார்ந்தார். "சரி, யாருக்கும் வேணாம், நடுவுல நிப்போம். பண்ணையாட்கள் ரெண்டு பேரை ஒரு தலைன்னு எண்ணிக்குவோம். பாதி. என்ன சொல்றீங்க?"

பண்ணையார் யோசித்துவிட்டுத் தலையசைத்தார். எல்லோரும் பேச்சியைப் பார்த்தார்கள்.

பேச்சிக்குத் தன் சீமைச்சபை கிடைத்துவிட்டது. ஊற்று பிழைத்துவிட்டது. மலைக்குத் திரும்பினால் மேளம் கொட்டி வரவேற்பார்கள். இந்த ஒரு முடிச்சு அவிழ்ந்தால் எல்லாம் முடிந்தது. அவளும் தலையசைத்தாள். ஆமாம், நம் பேச்சிதான். மறைத்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அப்போது பண்ணையாருக்கு வேர்த்தது. விசிறி நின்றுவிட்டிருந்தது.

வீராயி விசிறியைக் கீழே வைத்தாள். முப்பது வயது இருக்கும். சபையில் அதுவரை அவள் குரலை யாரும் கேட்டதில்லை. பேச்சியைப் பார்த்து, மரியாதையாகவே கேட்டாள்:

"அம்மா, என்னில் எந்தப் பாதிங்க?"

யாருக்கும் புரியவில்லை.

"பாதி எண்ணிக்கிறதாச் சொன்னீங்களே. மேல்பாதியா, கீழ்பாதியா? மேல்பாதின்னா அதுல வாய் இருக்கு, பேசிரும். கீழ்பாதின்னா அதுல கால் இருக்கு, எங்கேயாவது போயிரும். எந்தப் பாதியை எழுதப்போறீங்கன்னு தெரிஞ்சா மத்த பாதியை வீட்டுல விட்டுட்டு வருவேன்."

"வாயை மூடு கழுதை! விசிறியை எடு!" என்று உறுமினார் பண்ணையார். வீராயி விசிறியை எடுத்தாள். காற்று மறுபடி வீசியது. ஆனால் பேச்சிக்கு முகம் கொதித்தது. யாரைப் பார்த்தாலும் வேடிக்கை செய்கிறவள் அவள். இன்றைக்கு அவளே வேடிக்கையாகிவிட்டாள். அதுகூடப் பரவாயில்லை. தன்னுடையது இல்லாத ஒன்றைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, பெரிய மனசு என்று அல்லவா நினைத்துக்கொண்டோம்!

"நாளைக்குக் காலையில கையெழுத்துப் போடலாம். எனக்குத் தலைவலி" என்று சொல்லிவிட்டு எழுந்து வெளியே போனாள்.

வீராயி கிணற்றடியில் பண்ணையாருக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தாள். பேச்சி கயிற்றின் மறுநுனியைப் பிடித்துக்கொண்டாள்.

"தங்கச்சி, நான் தலையாட்டினது தப்பு."

"தெரியும்க்கா."

வீராயி ஏதாவது திட்டுவாள் என்று பேச்சி காத்திருந்தாள். வீராயி திட்டவில்லை. வாளியை மேலே இழுத்து வைத்துவிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்தாள்.

"தப்புன்னு வாயால சொல்லி என்ன ஆகப்போகுது? நீங்க பேசினா அவர் கேப்பாரு. நாங்க பேசினா சாட்டைதான் பேசும். நாளைக்கு அவரை ஒரே ஒரு வார்த்தைக்குச் சம்மதிக்க வைங்க. ஆத்தங்கரையில எல்லாரும் வந்து நின்னு, அவங்கவங்க பேரையும் ஊரையும் அவங்கவங்க வாயால சொல்லணும். சொன்ன ஊர்லதான் அவங்க தலை. அன்னையிலிருந்து அவங்க அந்த ஊர்க்காரங்க. அவ்வளவுதான். மீதியை நாங்க பாத்துக்கறோம்."

பேச்சி ஒரு கணம் விழித்தாள். பிறகு அவள் முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது. பட்டிக் கதவைத் திறந்ததும் ஓடத் தயாராக நிற்கும் ஆட்டுக்குட்டி முகம் அப்படித்தான் இருக்கும். "அடியே வீராயி, மலையில பிறக்க வேண்டியவ நீ" என்றாள்.

காலையில் பேச்சி சபையில் எழுந்து பண்ணையாருக்குப் பெரிய கும்பிடாகப் போட்டாள்.

"ஐயா, நேத்து உங்களுக்குப் பெரிய அநியாயம் பண்ணப் பாத்தோம். ராத்திரியெல்லாம் எனக்குத் தூக்கமே இல்ல. பாதி என்னங்க பாதி? உங்க ஆளுங்களை முழுசாவே எண்ணிடுவோம்!"

நல்லபெருமாள் துள்ளி எழுந்தார். பேச்சி அவர் காலை மிதித்தாள். வணிகர் அல்லவா, புரியாவிட்டாலும் உட்கார்ந்துகொண்டார்.

"முழுசாவா?" பண்ணையாரின் மீசை துடித்தது.

"முழுசா. ஆனா ஒரு சந்தேகம் ஐயா. ஆசனத்துக்கு எண்ணும்போது அவங்க தலையா?"

"தலைதான்!"

"நாட்டுக்கு வரி கட்டும்போது?"

"அதெப்படி? அப்போ அவங்க என் உடைமை. தலைக்கணக்குல வராது."

"ஆத்தங்கரைக்குக் காவலுக்கு ஆள் அனுப்பும்போது?"

"அப்பவும் தலை இல்ல. என் வயலை யார் பாக்கறது?"

"ஆக ஆசனத்துக்குத் தலை, வரிக்குத் தலையில்ல, காவலுக்குத் தலையில்ல" என்று பேச்சி பவ்யமாகச் சொன்னாள். "அபூர்வமான தலைங்க ஐயா! இப்படி வந்து வந்து போற தலையை அகன்துறைக்காரங்க நம்ப மாட்டாங்க. கடலோரத்துக்காரங்க சந்தேகப்பிராணிங்க. அதனால யாரும் குத்தம் சொல்ல முடியாத மாதிரி எண்ணிடுவோம். மூணு சீமை ஜனமும் ஆத்தங்கரைக்கு வரட்டும். ஒவ்வொருத்தரும் தன் பேரையும் ஊரையும் தன் வாயால சொல்லட்டும். சொன்ன ஊர்லதான் அவங்க தலை. அன்னையிலிருந்து அவங்க அந்த ஊர்க்காரங்க. பின்னாடி யாரும் மாத்தக் கூடாது. சாசனத்துலயே எழுதிடுவோம். சம்மதமா?"

பண்ணையாருக்குக் கண் முன்னால் ஆசனங்கள் வரிசைகட்டி நின்றன. வேறெதுவும் தெரியவில்லை. "சம்மதம், சம்மதம்! முதல்ல எழுது!" என்று தானே முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டார்.

எண்ணும் நாள் வந்தது. பண்ணையார் தன் ஆட்களையும் மற்றப் பண்ணைகளின் ஆட்களையும் வரிசையாக ஓட்டிக்கொண்டு வந்தார். கிழவர்கள், கைக்குழந்தைக்காரிகள், காய்ச்சலில் கிடந்தவர்கள், ஒருவர் பாக்கியில்லை. வரிசையின் முதலில் குடைக்காரச் சடையனை நிறுத்தினார். அவனைவிட அடங்கிய ஆள் பண்ணையிலேயே கிடையாது.

அறுபது வருஷமாக அவன் ஐயா முகத்தை நிமிர்ந்து பார்த்ததில்லை.

"பேர்?" என்று கேட்டான் கணக்கெழுதுகிறவன்.

"சடையனுங்க."

"ஊர்?"

சடையன் வாயைத் திறந்தான். "நெடு..." என்றான் பழக்கத்தில். வரிசையில் பின்னால் நின்ற வீராயி கண்ணை மூடிக்கொண்டாள். சடையன் ஆற்றைப் பார்த்தான்.

"நெடுநாளா நினைச்சிட்டிருக்கேனுங்க. என் ஊர் அகன்துறை."

பண்ணையார் குடைநிழலை விட்டு வெளியே வந்தார். "டேய்! அகன்துறைக்கு வழி தெரியுமாடா உனக்கு?"

"தெரியாதுங்க ஐயா. கேட்டுக் கேட்டுப் போயிருவேன்."

அடுத்தவன் வந்தான். முகில்பாறை என்றான். அதற்கடுத்தவள் வந்தாள். அகன்துறை என்றாள். வரிசை நகர நகரப் பண்ணையாரின் முகம் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்தது. வீராயியின் முறை வந்தது.

"பேர் வீராயி. ஊர் முகில்பாறை."

"மலையில உனக்கு என்னடி வேலை?"

"ஒரு வேலையும் இல்லைங்க ஐயா. அதனாலதான் போறேன்."

சூரியன் சாய்ந்தபோது எண்ணி முடித்தார்கள். நெடுவயல் சீமையில் பண்ணையார்களும் அவர்கள் குடும்பமும் மட்டுமே மிச்சம். தலைச்சபையில் நெடுவயலுக்கு ஒற்றை ஆசனம் கொடுப்பதா, அதையும் ஆளுக்குக் கொஞ்சமாக மாற்றி மாற்றி உட்காருவதா என்று பேச்சு வந்தது. பண்ணையார் சாசனத்தைப் பார்த்தார். தன் கையெழுத்தே தன்னைப் பார்த்து இளித்தது.

இங்கே கதை முடிந்தது என்று எழுந்துவிடாதீர்கள். கஷ்டமே இனிமேல்தான்.

வந்த தலைகளை எண்ணி எண்ணிக் குதித்த நல்லபெருமாளுக்கு, இத்தனை பேரை எங்கே படுக்கவைப்பது என்று அன்று சாயங்காலமே வேர்த்துவிட்டது. பேச்சிக்கோ தேனையும் ஆட்டுப்பாலையும் வைத்து எத்தனை வயிற்றை ரொப்புவது என்று தெரியவில்லை. நெடுவயலில் கதிர் முற்றித் தலைசாய்ந்து நின்றது. அறுக்க ஆளில்லை. பண்ணையார் தானே அரிவாளோடு வயலில் இறங்கினார். ஒரு கட்டு அறுப்பதற்குள் இரண்டு விரலை அறுத்துக்கொண்டார்.

கட்டுப்போட்ட விரல்களோடு அவர் ஆற்றங்கரை மரத்தடிக்கு வந்தார். அங்கேதான் பண்ணையாட்கள் தங்கியிருந்தார்கள். இல்லை, இனி அவர்களைப் பண்ணையாட்கள் என்று சொல்லக் கூடாது.

"வந்துடுங்க" என்றார் பண்ணையார். கட்டளைபோல ஆரம்பித்தது, முடியும்போது கெஞ்சலாகிவிட்டது. "என்ன வேணும்? சொல்லுங்க."

வீராயி தன் ஆட்களைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு சொன்னாள். "எங்க ஊர் அதுதான், ஐயா. நாங்க பிறந்த மண்ணு. திரும்பி வர எங்களுக்கும் ஆசைதான். ஆனா எங்க தலை எங்களுது. குடிசை இருக்கற இடம் எங்களுது. சபைக்கு ஆளைத் தேர்ந்தெடுக்கறது நாங்க. அறுப்புக்குக் கூலி உண்டு."

"நிலம்?"

"நிலம் உங்ககிட்டயே இருக்கட்டும். இத்தனை வருஷம் உழைச்சதுக்கு நீங்க கொடுக்க வேண்டியதையும் கேக்கலை. கேட்டா உங்க வீட்டுக் கதவுகூட மிஞ்சாது. அது எங்க பாடு, எங்க வேர்வை. அதை நாங்க விடுறோம்."

பின்னால் நின்ற சடையன் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டான். கேட்டுக்கொண்டிருந்த பேச்சிக்கு அப்போதுதான் தெரிந்தது, விட்டுக்கொடுப்பது என்றால் எவ்வளவு வலிக்கும் என்று. படித்துறையில் கருவாடு தின்றுகொண்டு அவள் செய்தது வெறும் பேரம்.

பண்ணையார் சம்மதித்தார். வேறு வழியில்லை. சாசனத்தில் ஒரு வரி சேர்ந்தது: இந்த நாட்டில் எண்ணப்படுகிற ஒவ்வொரு தலையும் தன் வாயால் பேசும். மாற்றக் கூடாது என்ற பழைய வரியைப் பெரிய மனசு பண்ணி எல்லோரும் ஒரே ஒருமுறை மறந்தார்கள். வந்தவர்களில் பெரும்பாலோர் நெடுவயலுக்குத் திரும்பினார்கள். சடையன் மட்டும் கேட்டுக் கேட்டு அகன்துறைக்குப் போய்விட்டான். கடலைப் பார்க்க வேண்டுமாம்.

ஆறு முழங்காலுக்கு இறங்கிய அன்று ராஜா வந்தான். மைத்துனன் படையோடு நடு ஆற்றில் நின்று பார்த்தால், இக்கரையில் மூன்று சீமைக்காரர்களும் கம்பும் கவணும் அரிவாளுமாகத் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றார்கள். மைத்துனனுக்கு உற்சாகம் வடிந்தது.

"ராஜாவே, வாங்க!" என்று கூவினாள் பேச்சி. "உங்களை உள்ளே விடலாமா வேணாமான்னு தலைச்சபை கூடிப் பேசும். அப்புறம் சீமைச்சபை கூடிப் பேசும். ரெண்டும் ஒத்துப்போகலேன்னா மறுபடி பேசும். அதுவரைக்கும் அங்கேயே நில்லுங்க!"

தலைச்சபை சாவகாசமாகக் கூடியது. சீமைச்சபை அதைவிடச் சாவகாசமாகக் கூடியது. நடுவில் சாப்பாட்டுக்கு எழுந்தார்கள். படைவீரர்களின் பாதம் தண்ணீரில் ஊறி வெளுத்தது. மீன்கள் ராஜாவின் கால்விரலைக் கடித்தன. மைத்துனன் பொறுத்துப் பார்த்துவிட்டு, "அத்தான், அக்கா தேடுவா, வாங்க" என்று கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்விட்டான்.

அடுத்த வருஷம் மழை பொய்த்தது. பேச்சி ஒரு சட்டம் கொண்டுவந்தாள்: வறட்சியில் மலைக்காரர்கள் ஊற்றை அடைத்து முதலில் தங்கள் ஆடுகளுக்குத் தண்ணீர் வைத்துக்கொள்ளலாம். சீமைச்சபையில் பேசி, நடித்து, கெஞ்சி அதை நிறைவேற்றிவிட்டாள். தலைச்சபைக்குப் போனது. நெடுவயல்காரர்கள் தேர்ந்தெடுத்து அனுப்பியிருந்த வீராயி எழுந்தாள்.

"பேச்சியக்கா மேல எனக்கு மரியாதை உண்டு. ஆனா ஊற்றை மேலேயே அடைச்சா கீழே எங்க நாத்து கருகிடும். இந்தச் சட்டம் வேணாம்."

சட்டம் தோற்றது. பேச்சி கோபத்தில் படியிறங்கி வந்தாள். இவளுக்காக நான் எவ்வளவு பாடுபட்டேன் என்று மனசு பொருமியது. எதிரே நல்லபெருமாள் தொப்பை குலுங்கச் சிரித்துக்கொண்டு வந்தார்.

"என்ன பேச்சியம்மா! நீ வாங்கிக்கொடுத்த வாய்தானே, உன்னையே கடிச்சிடுச்சே?"

பேச்சி பதில் சொல்ல வாயெடுத்தாள். நின்றாள். பிறகு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"நான் எங்கே அண்ணாச்சி வாங்கிக்கொடுத்தேன்? அது அவளோட வாய். நான் அதை விக்கப் பாத்தவ."

சொல்லிவிட்டு, ஊற்றில் எந்தப் பங்குக்கு அவள் ஒத்துக்கொள்வாள் என்று கேட்க, வீராயி இருந்த பக்கம் திரும்பி நடந்தாள்.

ஆகவே கேட்டவர்களே, கூடி வாழ வேண்டுமானால் ஒவ்வொருவரும் தன்னுடையதில் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும், ஆனால் அடுத்தவருடையதை விட்டுக்கொடுக்க யாருக்கும் உரிமையில்லை.